கண் கெட்ட பின் சூரிய வணக்கமா?

(ஒரு தோட்டக் கிராணி)

சென்ற மாதம் சம்பளம் போட்ட மறுநாள் மாலை, கிள்ளானிலிருந்து ஓர் அன்பர் என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். லாரி ஓட்டுபவர், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். அவருடைய தகப்பனார் காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடம் மரம் சீவியவர். 1990-களின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். லயம் காலியாயிற்று. பெரியவர் குடும்பத்தோடு கிள்ளானுக்கு வந்து, பழைய கட்டடங்களை உடைக்கும் காண்டிராக்டர் ஒருவரிடம் எட்டு வருடம் நாட்கூலியாக உழைத்தார். கூரையில் ஏறி அஸ்பெஸ்டாஸ் தகடுகளைச் சுத்தியலால் அடித்து உடைத்துக் கீழே தள்ளுவதுதான் அவர் வேலை. மூக்கை மறைக்க ஒரு துண்டுத் துணி கூட யாரும் கொடுக்கவில்லை.

இன்று அவருக்கு வயது எழுபத்திரண்டு. ஓராண்டாக மூச்சு வாங்குகிறது. நெஞ்சில் நீர் கட்டியது. முதலில் எல்லோரும் காசநோய் என்றே நினைத்தார்கள். நீரை எடுத்துச் சோதித்து, பிறகு உள்ளிருந்து சிறு தசைத் துண்டை எடுத்துச் சோதித்த பின்புதான் உண்மை தெரிந்தது. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலே புற்று. வைத்தியர்கள் அதற்கு மெசோதெலியோமா என்று பெயர் சொல்கிறார்கள்.

வந்த அன்பர் கைப்பேசியை நீட்டினார். அமெரிக்காவில் நெஞ்சுக்குள் சிவப்பு ஒளி பாய்ச்சி இந்தப் புற்றை அழிக்கிறார்கள் என்று அதில் ஒரு செய்தி இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் தேத்தண்ணிக் கடையில் அவரைச் சந்தித்த ஒரு தரகன், "அதே ஒளிதான் இது, வீட்டிலேயே பிடிக்கலாம்" என்று சொல்லி, ஒரு சிவப்பு விளக்குப் பெட்டிக்கு 3,000 வெள்ளி விலை பேசியிருக்கிறான்.

"கிராணியாரே, நீங்க நாலு எழுத்து படிக்கிறவரு. வீட்டை அடகு வச்சு அப்பாவை அமெரிக்காவுக்கு அனுப்பலாமா? இல்லே, இந்த விளக்கையாச்சும் வாங்கிடலாமா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணே. விசாரிச்சுட்டு ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் படித்ததும், அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியர் ஒருவரிடம் கேட்டறிந்ததும்தான் இக்கட்டுரை. தொழிற்சங்கப் பத்திரிகைக்கு வைத்தியம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

நோய் எங்கிருந்து வந்தது?

நுரையீரலின் மேலும், மார்புக்கூட்டின் உட்புறத்திலும் வெங்காயத் தோல் போல ஒரு மெல்லிய சவ்வு உண்டு. நாம் மூச்சு விடும்போது நுரையீரல் உராயாமல் வழுக்கிச் செல்ல அது உதவுகிறது. அந்தச் சவ்வில் பிறக்கும் புற்றுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்.

கல்நார் என்பது மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் ஒரு தாது. பஞ்சு போல் பிரியும், நெருப்பில் எரியாது, மலிவானது. ஆகவே உலகம் முழுவதும் அதைக் கூரைக்கும், தண்ணீர்க் குழாய்க்கும், மோட்டார் பிரேக்குக்கும், நீராவி எஞ்சின் கொதிகலனுக்குப் போர்வையாகவும் பயன்படுத்தினார்கள். அதன் தூள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போன ஊசி எளிதில் வெளியே வராது. சவ்வு வரை சென்று குத்திக்கொண்டு கிடக்கும்.

1960-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் கிறிஸ் வாக்னர் என்ற வைத்தியரும் அவருடைய தோழர்களும் 33 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் இந்த உறைப் புற்று. ஏறக்குறைய எல்லோரும் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு சம்பந்தப்பட்டவர்கள். சுரங்கத்தில் இறங்காமல், சிறு வயதில் அந்தத் தூளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்தத் தூளுக்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள உறவு அன்றே உலகத்துக்குத் தெரிந்துபோயிற்று.

இந்நோயின் கொடுமை அதன் பொறுமையில் இருக்கிறது. தூளைச் சுவாசித்த நாளிலிருந்து நோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் கூட ஆகும். இருபது வயதில் உடைத்த கூரைக்கு அறுபது வயதில் கணக்குத் தீர்க்கிறது. புகையிலை இந்த உறைப் புற்றுக்குக் காரணமல்ல. ஆனால் கல்நார்த் தூளைச் சுவாசித்தவர் சிகரெட்டும் பிடித்தால், நுரையீரல் புற்று வரும் ஆபத்து பல மடங்கு ஏறிவிடும். ஆகவே கல்நாரில் உழைத்த தோழர்கள் இன்றே சிகரெட்டை விட்டொழிக்க வேண்டும்.

ஒளி எப்படி மருந்தாகும்?

ஒளியும் மருந்தும் சேர்ந்து வேலை செய்வது நமக்குப் புதிதல்ல. உடம்பில் வெண்புள்ளி கண்டவர்களுக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயில் காயச் சொன்ன நாட்டு வைத்தியம் நம்முடையது. அந்த விதையில் உள்ள சத்து வெயில் பட்டால்தான் தோலில் வேலை செய்கிறது என்பதை இன்றைய விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது.

மேல்நாட்டில், தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கு வைத்தியர் நீல்ஸ் பின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குச் சற்று முன்பு, 1900-ம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் ஒரு விந்தையைக் கண்டார். நீரில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஒரு சாயத்தைக் கொடுத்துப் பார்த்தார். இருட்டில் அவை பிழைத்திருந்தன. வெளிச்சம் பட்டதும் செத்தன. சாயத்தை மட்டும் கொடுத்தபோது சாகவில்லை, ஒளியை மட்டும் காட்டியபோதும் சாகவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் மடிந்தன. பிராண வாயுவும் உடனிருக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது.

இந்த மூன்றும் கூடுவதுதான் இன்றைய ஒளிச் சிகிச்சை. 1970-களில் அமெரிக்காவின் பபலோ நகரில் தாமஸ் டோகர்ட்டி என்ற விஞ்ஞானி இதைப் புற்றுநோய்க்குப் பயன்படும்படி வளர்த்தார். அவ்வழியில் வந்த போர்பைமர் சோடியம் என்னும் மருந்தை 1993-ல் கனடாவும், 1995-ல் அமெரிக்காவும் சில புற்றுகளுக்கு அங்கீகரித்தன. ஆனால் நாம் பேசும் உறைப் புற்றுக்கு என்று அமெரிக்கா அதை அங்கீகரிக்கவில்லை. அதற்கு இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

நெஞ்சுக்குள் இதைச் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் மருந்தை நரம்பில் ஊசியாக ஏற்றுகிறார்கள். மறுநாள் மார்பைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்த புற்றையெல்லாம் உரித்து எடுக்கிறார்கள். பல மணி நேரம் பிடிக்கும் பெரிய ஆபரேஷன் இது. அதன் பிறகு, கத்திக்குத் தப்பிய நுண்ணிய மிச்சத்தை அழிப்பதற்காக, லேசர் இயந்திரத்திலிருந்து வரும் சிவப்பு ஒளியைக் கண்ணாடி இழை வழியே நெஞ்சுக் குழி முழுவதும் பாய்ச்சுகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று அளவுகருவி வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒளி பட்டதும் மருந்து விழித்து, அருகிலுள்ள பிராண வாயுவை விஷமாக மாற்றுகிறது. அந்த விஷத்தில் புற்றணு மடிகிறது.

இந்த ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் வலுவோடு இறங்கும். மெல்லிய படலமாகப் பரவும் புற்றுக்கு அது நல்ல குணம். ஒளி பட்ட இடத்தின் கீழேயுள்ள நல்ல உறுப்புகள் பெருமளவு தப்பிக்கும். தடித்த கட்டிக்கோ அது பற்றாது. ஆகவேதான் முதலில் கத்தி, பிறகு ஒளி.

பிரிக்பீல்ட்ஸ் தரகனின் விளக்குப் பெட்டிக்குப் பதில் இதிலேயே அடங்கியிருக்கிறது. மருந்து ஏற்றாத உடம்பில் அது வெறும் சிவப்பு வெளிச்சம். மருந்தே ஏற்றியிருந்தாலும், தோலையும் சதையையும் விலா எலும்பையும் தாண்டி அந்த உறையைப் போய்ச் சேர அதனால் முடியாது. 3,000 வெள்ளிக்கு அவன் விற்பது விளக்கையல்ல, ஒரு மகனின் தவிப்பை.

பலன் எவ்வளவு?

இனி நியாயமாகப் பேசுவோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜோசப் பிரீட்பர்க் குழுவினர் நுரையீரலை அகற்றாமல் உறையை மட்டும் உரித்து, ஒளியும் பாய்ச்சிய 38 நோயாளிகளின் கணக்கை 2012-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் 31.7 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். இந்த நோய்க்கு அது நல்ல கணக்குத்தான். நமது அன்பர் கைப்பேசியில் பார்த்த செய்தி இவ்வழி வந்ததாகவே இருக்க வேண்டும்.

ஆனால் அந்த 38 பேரும் பெரிய ஆபரேஷனைத் தாங்கக்கூடியவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஒளி இல்லாமல் அதே வைத்தியம் பெற்ற இன்னொரு கூட்டத்தாரை அவர்களோடு நிறுத்தி ஒப்பிடவில்லை. திடமான ஆட்களை மட்டும் பெரட்டில் நிறுத்திவிட்டு, "எங்கள் தோட்டத்தில் நோயே இல்லை" என்று சொன்னால் நாம் ஒப்புவோமா?

ஒப்பிட்டுப் பார்த்த சோதனையும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் டாக்டர் ஹார்வி பாஸ் குழுவினர் நோயாளிகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒளிச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்து 1997-ல் முடிவு சொன்னார்கள். இரு கூட்டத்தாரின் ஆயுளும் ஏறக்குறைய 14 மாதமே. ஒளியால் ஆயுள் கூடவில்லை.

அது பழைய முறை, இன்று ஒளியை அளக்கும் விதம் மேம்பட்டுவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் வாதிக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒளிக்கு முன்னோடியான அந்தப் பெரிய ஆபரேஷனே இப்பொழுது சந்தேகத்தில் நிற்கிறது. பிரிட்டனில் 335 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2024-ல் வெளியான சோதனையில், ரசாயன மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 24.8 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். மருந்தோடு ஆபரேஷனும் செய்துகொண்டவர்களுக்கு அது 19.3 மாதமே. அந்தச் சோதனையில் ஒளி சேரவில்லை என்பது உண்மை. ஆயினும், கத்தியே இத்தனை கேள்விக்கு ஆளாகும்போது, அதன் முதுகில் ஏறி வரும் ஒளிக்காக வீட்டை அடகு வைப்பது அறிவாகுமா?

மற்ற மருந்துகள் மெல்ல முன்னேறியிருக்கின்றன. 2003-ல் வெளியான சோதனையில் இரண்டு ரசாயன மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது ஆயுட்கணக்கு 9.3 மாதத்திலிருந்து 12.1 ஆயிற்று. உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து 2021-ல் வெளியான சோதனையில், ரசாயன மருந்தின் 14.1 மாதத்துக்கு எதிராக 18.1 மாதம் கிடைத்தது. இவை சிறு அடிகள்தாம். ஆனால் ஒப்பிட்டு நிறுவப்பட்ட அடிகள்.

ஒளிச் சிகிச்சைக்கு இன்னொரு விலையும் உண்டு. அந்த மருந்து ஏறிய உடம்பு குறைந்தது 30 நாள் வெயில் படக் கூடாது. பட்டால் தோல் வெந்துவிடும், கண்ணும் கூசும். முழு இருட்டிலும் கிடக்கக் கூடாதாம். வீட்டுக்குள்ளே உள்ள சாதாரண வெளிச்சம் தோலில் மிஞ்சிய மருந்தைச் சிறிது சிறிதாகத் தீர்க்கும் என்கிறார்கள். வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே உழைத்த நம் மக்கள், மிச்சமிருக்கும் நாட்களில் ஒரு மாதத்தை ஜன்னலை மூடிக் கழிப்பது எளிதன்று.

நமது மண்ணிலும் இந்த விஞ்ஞானம் வளர்கிறது என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவின் 93 வகைத் தாவரங்களிலிருந்து 155 சாறுகள் எடுத்து, அவற்றில் எது ஒளி பட்டால் புற்றணுவைக் கொல்கிறது என்று சோதித்து 2009-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சுபாங் ஜெயாவிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் செய்த வேலை அது. நாம் புல் என்று மிதித்துச் செல்லும் செடியில் நாளைய மருந்து இருக்கலாம். ஆனால் கண்ணாடிக் குவளையில் அணு செத்ததற்கும், கிள்ளானில் ஒரு மனிதர் பிழைப்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியாளர்களை வாழ்த்துவோம். அவர்கள் பெயரைச் சொல்லி விளக்கு விற்பவர்களை விரட்டுவோம்.

பணமிருந்தும் பலியான ஒருவர்

நம்பிக்கையைக் கெடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். ஸ்டீவ் மெக்குவீன் என்ற ஹாலிவுட் நடிகரை மூத்த தோழர்கள் திரையில் பார்த்திருப்பார்கள். இளமையில் அமெரிக்கக் கடற்படை வீரர்களோடு சேவை செய்தபோது கப்பல் குழாய்களிலிருந்து கல்நாரை உரித்தவர் அவர். 1979 இறுதியில் அவருக்கு இதே உறைப் புற்று என்று தெரிந்தது. கோடீஸ்வரரான அவர், நிரூபிக்கப்படாத வைத்தியங்களை நாடி மெக்சிகோவுக்குப் போனார். 1980 நவம்பர் 7-ம் நாள் அங்கேயே காலமானார், வயது 50. அவ்வளவு செல்வத்துக்கும் விலைக்குக் கிடைக்காத குணம், நம் ஏழை வீட்டு அடமானத்துக்குக் கிடைத்துவிடுமா?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அந்த அன்பரிடம் சொன்னேன்: "அண்ணே, வீட்டை அடகு வைக்காதீங்க. விளக்கும் வேணாம். அரசாங்க ஆஸ்பத்திரிப் புற்றுநோய்ப் பிரிவிலே அப்பாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கும்னு கேளுங்க. நீர் கட்டினா எடுத்துவிடுவாங்க, வலிக்கு மருந்து குடுப்பாங்க, மூச்சு லேசாகும். ஒளிச் சிகிச்சை பத்தி அந்த வைத்தியர்கிட்டேயே கேளுங்க, தரகன்கிட்டே கேக்காதீங்க."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "சரி கிராணியாரே. சொக்சோவிலேயாவது ஏதும் கிடைக்குமா?"

அங்கேதான் தோழர்களே, எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

நம் பேனாவின் குற்றம்

சொக்சோவுக்கு மனுப் போட வேண்டுமானால், பெரியவர் கல்நாரில் உழைத்தார் என்று காட்ட வேண்டும். அவரைக் கூரையில் ஏற்றிய காண்டிராக்டர் கடையை மூடிப் பல வருடமாயிற்று. சம்பளச் சீட்டு இல்லை. சந்தா கட்டியதற்கு அத்தாட்சி இல்லை. எட்டு வருட உழைப்புக்கு உலகத்தில் உள்ள ஒரே ஆதாரம் அவருடைய நெஞ்சில் இருக்கும் தூள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1969-ம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்தார்கள். பட்டியலிலுள்ள வேலையைச் செய்தவருக்கு, வேலையில் இருக்கும்போதோ, விட்ட 60 மாதத்துக்குள்ளோ அந்த நோய் கண்டால், அது வேலையால் வந்தது என்றே கொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். 60 மாதம் என்றால் ஐந்து வருடம். நோயோ வருவதற்கு 20 முதல் 50 வருடம் எடுத்துக்கொள்கிறது! கூற்றுவன் நாற்பதாம் வருடம் வருகிறான். சட்டத்தின் கதவு ஐந்தாம் வருடமே சாத்தப்பட்டால் அந்தக் கதவு யாருக்காக?

இதே நாட்டில் 2000-ம் ஆண்டு வந்த ரசாயனப் பாதுகாப்பு விதிகள், ஆபத்தான பொருளில் வேலை செய்வோரின் உடல்நலப் பதிவுகளை 30 வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் இன்னும் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்ட பின் 15 வருடம், இவற்றில் எது பிந்தியதோ அது வரை முதலாளி காக்க வேண்டும் என்றது. நோய் தூங்கும் காலம் வரை ஏடும் விழித்திருக்க வேண்டும் என்பதை அந்த நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள்.

ஆனால் ஏட்டில் எழுதினால் அல்லவா காப்பதற்கு? இங்கே என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நான் வேலை செய்யும் தோட்டத்தில் பழைய ஸ்டோரின் கூரையைப் பிரித்தார்கள். தகடுகளை உடைத்து லாரியில் ஏற்றினார்கள். களமெல்லாம் வெள்ளைத் தூள். ஆறு பேர், நான்கு நாள் வேலை. அன்று செக்ரோலில் என் கையால் நான் எழுதியது, "சில்லறை வேலை" என்ற இரண்டே சொற்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சம்பளத்தைக் கூட்டினேன். கணக்குச் சரியாக வந்தது, ஏட்டை மூடினேன்.

அந்த ஆறு பேரில் ஒரு பையனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனுக்கு ஒன்றும் வராமலே போகலாம். வரக்கூடாது என்றே வேண்டுகிறேன். நான்கு நாள் தூளுக்கு எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் வந்தால், அவன் அறுபது வயதில் யாரிடமோ ஆதாரம் தேடி நிற்பான். அன்று என் செக்ரோல் அவனுக்குச் சொல்லப்போகும் சாட்சி "சில்லறை வேலை" என்பதுதான். அந்த அன்பர் போன பிறகு, பழைய ஏட்டை எடுத்து அந்த ஆறு பெயரையும், வேலையையும், தேதியையும் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைச் சங்கக் கிளைக்கு அனுப்பினேன். இரண்டு வருடம் தாமதம். ஆயினும் நாற்பது வருடத் தாமதத்தைவிட இது மேல்.

நாம் கேட்பது என்ன?

மேல்நாட்டு ஒளியைக் குறை கூற இதை எழுதவில்லை. விஞ்ஞானிகள் தேடட்டும்; ஒரு நாள் வெல்லட்டும். ஆனால் ஒளி வருவது கடைசியில். தூள் புகுந்து, நாற்பது வருடம் கழிந்து, நெஞ்சு திறந்த பிறகு. முதலிலேயே தூளை நிறுத்துவதற்கு லேசரும் வேண்டாம், நோபல் பரிசும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும், தகுந்த முகமூடியும், மனச்சாட்சியுள்ள ஒரு பேனாவும் போதும். ஆகவே சங்கம் இவற்றைக் கேட்க வேண்டும்:

ஒன்று: பழைய லயம், ஸ்டோர், புகைக்கொட்டகை, பள்ளிக்கூடம் எதையும் உடைப்பதற்கு முன் அதில் கல்நார் உண்டா என்று தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். இருந்தால், பயிற்சியும் உரிய சாதனமும் உள்ளவர்களே தகட்டை நனைத்து, உடைக்காமல், முழுசாகக் கழற்ற வேண்டும். நாட்கூலிகளைச் சுத்தியலோடு மேலே ஏற்றக் கூடாது.

இரண்டு: கல்நார்ப் பக்கம் உழைத்த ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை எண், வேலை, இடம், நாள், காண்டிராக்டர் பெயர் ஆகியவற்றை எழுதிய தனி ஏடு வேண்டும். உள்ளூர்க்காரரானாலும் வங்காளதேசத்துத் தோழரானாலும் பெயர் விடுபடக் கூடாது. ஏடு 40 வருடம் இருக்க வேண்டும். ஒரு பிரதி சங்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்று: உறைப் புற்றைப் போல மெதுவாக வரும் நோய்களுக்கு 60 மாத வரம்பு பொருந்தாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். கல்நாரில் உழைத்தவருக்கு இந்நோய் எந்த வருடம் வந்தாலும் அது வேலையால் வந்ததே என்று கொள்ள வேண்டும்.

நான்கு: நெஞ்சில் நீர் என்று வரும் ஒவ்வொருவரிடமும் "முன்பு என்ன வேலை செய்தீர்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டு அட்டையில் எழுத வேண்டும். நம் மக்களும் கேட்கும் வரை காத்திராமல் தாமே சொல்ல வேண்டும். மரம் சீவியதை மட்டும் சொல்லாதீர்கள். இடையில் செய்த கூரை வேலை, செந்தூல் பட்டறை வேலை, கிள்ளான் துறைமுக மூட்டை வேலை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

ஐந்து: ஒளிச் சிகிச்சையோ வேறு புதிய மருந்தோ நம் நாட்டில் சோதனைக்கு வந்தால், அதன் நன்மை தீமை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். ஏழை என்பதற்காக அவரை ஒதுக்கவும் கூடாது. ஏழை என்பதற்காக விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்கவும் கூடாது.

கிராணித் தோழர்களே, இதில் இரண்டாவது கோரிக்கைக்கு நாம் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பேனா நம் கையில் இருக்கிறது. நாளைக் காலைப் பெரட்டு முடிந்து செக்ரோலைத் திறக்கும்போது, கூரை உடைத்தவனுக்கு எதிரே "கூரை உடைத்தான், அஸ்பெஸ்டாஸ்" என்று எழுதுங்கள். துரைமார் ஏன் என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி எழுதுவதற்குத்தானே எங்களுக்குச் சம்பளம் என்று சொல்லுங்கள்.

கிள்ளான் பெரியவர் இப்பொழுது ஆஸ்பத்திரி மருந்தில் இருக்கிறார். நீர் எடுத்த பிறகு இரவில் படுத்துத் தூங்குகிறாராம். விளக்குப் பெட்டி வாங்கவில்லை. வீடு அடகு போகவில்லை. சென்ற வாரம் அவரைப் பார்க்கப் போனேன். வாசல் நாற்காலியில் காலை வெயில் காய்ந்துகொண்டிருந்தார். "எங்கூட அந்தக் கூரையிலே இன்னும் அஞ்சு பேர் இருந்தாங்க தம்பி. அவங்க எங்கே இருக்காங்களோ?" என்றார்.

அந்த ஐவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இனி ஒரு பெயரும் அப்படி விடுபடக் கூடாது.

கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் செய்வதில் பயனில்லை என்றார்கள் நம் முன்னோர். கண் இருக்கும்போதே விழிப்போம், தோழர்களே!